256 விளக்கு, ஒரே ஒரு டேட்டா வயர்: எல்இடி மேசைக்குள் நடப்பது என்ன?

எங்கள் வீட்டு வளவில் ஒரு டீப்பாய் கிடக்கிறது. சட்டம் பழைய பர்மாத் தேக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடையொன்றில் வாங்கிய ஜன்னல் கதவிலிருந்து ஆசாரி அறுத்துச் செய்துகொடுத்தது. மேல்பலகை இருக்க வேண்டிய இடத்தில் பால்நிற அக்ரிலிக் தகடு. பகலில் பார்த்தால் காபி டம்ளர் வைக்கிற மேசை, அவ்வளவுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் சுவிட்சைப் போட்டால் 16 வரி, வரிக்கு 16 என்று 256 சதுரங்கள் ஒளிரும். கோலம் விரியும், மழை பெய்யும், மணி காட்டும். எது எப்போது எரிய வேண்டும் என்று சொல்வது அடியில் இருக்கிற தீப்பெட்டி அளவுக் கம்ப்யூட்டர் பலகை.

வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள்.

"ஏம்ப்பா, அந்தத் தீப்பெட்டி அளவு கம்ப்யூட்டரா இத்தனை விளக்குக்கும் கரண்டு குடுக்குது?"

"256 விளக்குன்னா 256 வயரு உள்ள போகுதா அண்ணே?"

"திருவிழா சீரியல் செட்டு மாதிரிதானே? ஒண்ணு போனா எல்லாம் போயிருமா?"

முதல் இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் காரணம் வேறு. இப்படிக் கேட்பவர்களிடம் குறையில்லை. "கம்ப்யூட்டர்ல புரோகிராம் கோடு எழுதி ஏத்துனா எரியும்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோமே, குறை அங்கேதான் இருக்கிறது. அந்த ஒற்றை வரியை நம்பி எல்இடி பட்டை வாங்கி, முதல் நாளே எதையோ கருக்கி, பரணில் போட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மேசைக்குள் இரண்டு சமாச்சாரங்கள் ஓடுகின்றன. ஒன்று கரண்ட், மற்றொன்று செய்தி. இரண்டும் வெவ்வேறு வழியில், வெவ்வேறு முறையில் போகின்றன. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

## சீரியல் செட் வேறு, இது வேறு

பழைய சீரியல் செட்டில் பல்புகளைப் பூக்கட்டுவது போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 6 வோல்ட் பல்பாக இருந்தால் ஏறக்குறைய 40 பல்பைக் கோத்தால்தான் அந்த 230-ஐப் பங்கிட்டுக்கொள்ள முடியும். ஒரே கரண்ட் முதல் பல்புக்குள் நுழைந்து வெளியே வந்து இரண்டாவதுக்குள் போகிறது. நடுவில் ஒன்று ஃபியூஸ் போனால் பாதை அறுந்து எல்லாமே அணைகிறது.

எல்இடி மேசையில் அப்படியில்லை. தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். தெரு நீளத்துக்கு ஒரு பெரிய குழாய், அதிலிருந்து வீட்டுக்கு வீடு ஓர் இணைப்பு. உங்கள் வீட்டுக் குழாயை மூடினால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் நிற்காது. இந்த மேசையிலும் 5 வோல்ட் கரண்ட் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாகக் கிளை பிரிந்து போகிறது.

எல்இடி பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளக்குக்கு விளக்கு மூன்று செம்புப் பொட்டுகள் தெரியும். ஒரு ஓரத்தில் 5 வோல்ட், மறு ஓரத்தில் கிரவுண்ட், நடுவில் டேட்டா. 5 வோல்ட் வழியாகக் கரண்ட் வருகிறது, கிரவுண்ட் வழியாகத் திரும்பிப் போகிறது. டேட்டா என்பது செய்தி வருகிற கம்பி. பட்டையில் ஓர் அம்புக்குறியும் அச்சடித்திருக்கும். அது செய்தி போகும் திசை. கரண்டை எந்தப் பக்கத்திலிருந்து கொடுத்தாலும் ஏற்கும். செய்தியை அம்புக்குறிக்கு எதிராகக் கொடுத்தால் ஒரு விளக்கும் அசையாது. முதன்முதலாகச் செய்கிறவர்களில் பாதிப் பேர் பட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, கோடில் தப்பு என்று இரவெல்லாம் தேடுகிறார்கள்.

## பந்தியில் இலைக்கட்டு

ஒரே ஒரு டேட்டா வயரில் 256 விளக்குக்கும் தனித்தனியாக எப்படிச் செய்தி சொல்வது? இதற்கு நம் கல்யாணப் பந்தியே போதும்.

பரிமாற ஆள் குறைவாக இருக்கிற வீட்டில், வரிசையின் முதல் ஆளிடம் இலைக்கட்டை மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். அவர் மேலே இருக்கிற இலையை எடுத்துத் தன் முன்னால் போட்டுக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்து ஆளிடம் தள்ளுவார். அவரும் மேல் இலையை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுவார். யாருக்கும் நம்பர் கொடுக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனாலும் ஏழாவது இலை ஏழாவது ஆளுக்குத்தான் போய்ச் சேரும். உட்கார்ந்திருக்கிற இடமே முகவரி.

டபிள்யூஎஸ் 2812பி என்ற வகை எல்இடி செய்வது அச்சாக இதைத்தான். 5 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு வெள்ளைச் சில்லு. அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உள்ளே மூன்று ஒளிப்புள்ளிகள், அவற்றுக்குப் பக்கத்தில் கடுகைவிடச் சிறிய கறுப்புத் துணுக்கு ஒன்று, இரண்டையும் இணைக்கிற தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள். அந்தக் கறுப்புத் துணுக்குதான் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஆள். வரும் செய்தியில் முதல் பங்கைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த விளக்குக்கு அனுப்பிவிடும்.

இலை விழுந்ததும் சாப்பிட ஆரம்பிப்பதில்லை அல்லவா? எல்லோருக்கும் போட்டு முடியட்டும் என்று காத்திருப்போம். விளக்குகளும் காத்திருக்கின்றன. செய்தி ஓட்டம் ஒரு சிறு இடைவெளி நின்றால், "முடிந்தது, இனிக் காட்டு" என்று அர்த்தம். பழைய வகையில் இந்த இடைவெளி 50 மைக்ரோசெகண்ட், புதிய வகையில் 280. ஒரு மைக்ரோசெகண்ட் என்பது ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த மௌனத்துக்குப் பிறகு 256 விளக்கும் தத்தம் நிறத்துக்கு மாறிவிடும். அடுத்து வரும் செய்தி மறுபடி முதல் ஆளிடமிருந்து தொடங்கும்.

இப்போது சீரியல் செட் கேள்விக்கு வருவோம். பந்தியில் ஒருவர் இலைக்கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டால்? அவருக்கு அப்புறம் இருப்பவர்களுக்கு இலை இல்லை. முன்னால் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. மேசையிலும் ஒரு சில்லு பழுதானால், அடுத்த முறை சுவிட்சைப் போடும்போது அதற்குப் பிறகு உள்ளவை இருண்டே கிடக்கும். கரண்ட் அவற்றுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். செய்திதான் வராது.

எனக்கு இது நடந்தது. ஐந்து வரி நன்றாக எரிந்து, ஆறாவது வரியின் நடுவிலிருந்து ஒரே இருட்டு. இருண்ட விளக்கை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சால்டர் செய்தேன். பலனில்லை. குறை அதற்கு முந்தின விளக்கில் இருந்தது. அது தனக்கு வந்ததை ஒழுங்காகக் காட்டியது, ஆனால் மிச்சத்தைத் தள்ளிவிடும் காலில், அதாவது இணைப்பு முனையில், சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் கடைசியாக எரிகிற விளக்கு, முதலாவதாக இருண்ட விளக்கு இரண்டையுமே சோதிக்க வேண்டும்.

கரண்ட் வேறு, செய்தி வேறு என்பதைச் சித்தப்பாவுக்கு நம்பவைக்க ஒரு வேலை செய்தேன். மேசையில் தாமரைக் கோலம் எரிந்துகொண்டிருந்தபோது டேட்டா வயரைப் பிடுங்கிக் கையில் கொடுத்தேன். கோலம் அப்படியே நின்றது. கடைசியாக வந்த செய்தியை ஒவ்வொரு சில்லும் ஞாபகம் வைத்துக்கொண்டு, கரண்ட் இருக்கிற வரை காட்டிக்கொண்டே இருக்கும். "அப்ப இந்தப் பொட்டி கரண்டு குடுக்கலயா!" என்றார். பிறகு 5 வோல்ட் வயரைக் கழற்றினேன். மேசை அணைந்தது, கம்ப்யூட்டர் பலகையின் பச்சைப் பொட்டு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சுருங்கச் சொன்னால், கரண்ட் தெருக்குழாய் போல எல்லோருக்கும் கிளை பிரிகிறது. செய்தி இலைக்கட்டு போலக் கைமாறுகிறது. சின்னக் கம்ப்யூட்டரின் வேலை இலைக்கட்டை அடுக்கி முதல் ஆளிடம் கொடுப்பது மட்டும்.

## குறிலும் நெடிலும்

அந்த 'இலை' எதனால் ஆனது?

கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எழுத்து இரண்டே. பூஜ்யம், ஒன்று. ஒரு பூஜ்யமோ ஒன்றோ ஒரு பிட். டேட்டா வயரில் இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் முறை தமிழ் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும், ஏனென்றால் இது குறில் நெடில் கணக்கு. வயரில் கொஞ்ச நேரம் வோல்ட் ஏறி இறங்கினால் அது பூஜ்யம். அதிக நேரம் ஏறியிருந்து இறங்கினால் அது ஒன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இங்கேயும் பூஜ்யத்துக்கு 0.4 மைக்ரோசெகண்ட், ஒன்றுக்கு 0.8. அதே ஒன்றுக்கு இரண்டு விகிதம்! இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

ஒரேயொரு வித்தியாசம் உண்டு. குறிலுக்குப் பின் மௌனம் நீளமாகவும் நெடிலுக்குப் பின் குறுகலாகவும் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒரு பிட்டுக்கு எப்போதும் 1.25 மைக்ரோசெகண்ட்.

ஒரு விளக்குக்கு 24 பிட் தேவை. அதாவது ஒரு விளக்குக்குச் செய்தி சொல்ல 30 மைக்ரோசெகண்ட். 256 விளக்குக்கு 7,680 மைக்ரோசெகண்ட். மௌனத்தையும் சேர்த்தாலும் ஒரு நொடிக்கு 125 தடவை மேசை முழுவதையும் புதிதாக வரையலாம். தியேட்டரில் ஓடும் படம் நொடிக்கு 24 தடவைதான் மாறுகிறது.

## வண்ணம் எங்கிருந்து வருகிறது

24 பிட்டில் பச்சைக்கு 8, சிவப்புக்கு 8, நீலத்துக்கு 8. ஆம், பச்சைதான் முதலில் வரும். இது தெரியாமல் நான் குங்குமச் சிவப்புக் கேட்டேன், மேசை கிளிப்பச்சை காட்டியது. 8 பிட்டில் 0 முதல் 255 வரை 256 அளவுகளைச் சொல்லலாம். மூன்று நிறத்துக்கும் சேர்த்து 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 வண்ணக் கலவைகள்.

வெள்ளைக்கும் இந்த மூன்றும் சேர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962-இல் செய்துகாட்டினார். பளிச்சென்ற நீலத்துக்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வந்திராவிட்டால் இந்த மேசையில் வெள்ளைக் கோலம் கிடையாது.

சிவப்பு 100 என்றால் அந்த எல்இடிக்குக் குறைவாகக் கரண்ட் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எரியும்போது முழுசாகத்தான் எரிகிறது. ஆனால் நொடிக்குப் பல நூறு முறை அணைந்து அணைந்து எரிகிறது. எரியும் நேரம் கூடினால் பிரகாசம், குறைந்தால் மங்கல். கார்த்திகையன்று கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தெரிகிறதே, கண்ணின் அந்தப் பழக்கம்தான் இங்கேயும் உதவுகிறது. தனித்தனிச் சிமிட்டலைக் கண் பிரித்துப் பார்ப்பதில்லை, சராசரியை எடுத்துக்கொள்கிறது. எரியும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து வெளிச்சத்தை ஆளும் இந்த முறைக்குப் பல்ஸ் விட்த் மாடுலேஷன் என்று பெயர்.

கண் இன்னொரு வேலையும் செய்கிறது. இருட்டுத் திண்ணையில் முதல் அகல்விளக்கு ஏற்றும்போது இடமே மாறிவிடும். நூறு விளக்கு எரிகிற இடத்தில் நூற்றொன்றாவதை ஏற்றினால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் 255-இல் பாதி என்று 128 கொடுத்தால் பாதி வெளிச்சமாகத் தெரியாது, ஏறக்குறைய முக்கால் வெளிச்சமாகத் தோன்றும். கண்ணுக்குப் பாதியாகப் பட வேண்டுமானால் சுமார் 55 கொடுத்தால் போதும். மேசை கண்ணைக் கூசுகிறது, நிறங்கள் வெளிறித் தெரிகின்றன என்று சொல்பவர்கள் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது இதை.

## கண்டாங்கி ஊடை போல ஓடும் பட்டை

மேசை சதுரம், பட்டையோ நீளமான ஒற்றை நாடா. இதை எப்படிச் சதுரமாக்குவது?

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை நெய்கிற தறியைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையில் ஊடை நூல் இடமிருந்து வலம் போய், திரும்பி வலமிருந்து இடம் வந்து, மறுபடி போகிறது. அறுக்காமல் ஒரே நூல். எல்இடி பட்டையையும் 16 துண்டாக வெட்டி, முதல் வரி இடமிருந்து வலம், இரண்டாவது வலமிருந்து இடம் என்று அடுக்கி, ஓரங்களில் குட்டி வயர் வைத்து இணைக்கிறோம்.

கம்ப்யூட்டர் எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் தொடங்கும். 0-ஆம் வரியில் இடப்பக்கம் 0, வலப்பக்கம் 15. 1-ஆம் வரியில் 16 வலப்பக்கம் வரும், இடப்பக்கம் 31. ஆக, 3-ஆம் வரியில் இடமிருந்து 2-ஆம் கட்டம் வேண்டுமென்றால், மூன்று வரிக்கு 48, அது திரும்பி வரும் வரி என்பதால் 15-இலிருந்து 2-ஐக் கழித்து 13, மொத்தம் 61. பந்தியில் 61 என்று எண்ணிடப்பட்ட ஆளுக்குப் போகிற இலையில்தான் அந்தக் கட்டத்தின் நிறம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் பிக்சல் என்கிறோம், படத்தின் ஆகச் சிறிய புள்ளி. கோலத்தின் புள்ளி மாதிரியேதான். இந்தக் கழித்தலை மறந்தால் ஒன்று விட்டு ஒரு வரி கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி, கோலம் கிழிந்த துணியாகத் தெரியும்.

மீட்டருக்கு 30 விளக்கு உள்ள பட்டை வாங்கினால் விளக்குக்கு விளக்கு 3.3 சென்டிமீட்டர். 16 கட்டத்துக்கு 53 சென்டிமீட்டர் சதுரம். மொத்த நீளம் எட்டரை மீட்டருக்குச் சற்று மேல். 5 மீட்டர் சுருள் இரண்டு வாங்க வேண்டும். 44 விளக்கு மிஞ்சும், பழுதுக்கு ஆகும்.

## கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதை

இனிக் கரண்டுக்கு வருகிறேன். மேசை செய்கிறவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். கொஞ்சம் நின்று பேசுவோம்.

நம் பக்கம் கண்மாய்ப் பாசன பூமி. கண்மாயில் நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்பது வோல்ட். மடை வழியாக எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். ஒரு விளக்கு மூன்று நிறமும் முழுசாக எரிந்து வெள்ளை காட்டினால் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும், அதாவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் 60 பங்கு. 256 விளக்குக்குப் பதினைந்தரை ஆம்பியர் பக்கம் வருகிறது, 77 வாட். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகையின் ஒரு காலிலிருந்து அதிகபட்சம் 16 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். ஒரே விளக்கின் வெள்ளைக்கே அது போதாது. சாதாரண யூஎஸ்பி வாயிலிருந்து 500 மில்லி ஆம்பியர், எட்டு விளக்கோடு சரி. பலகையைக் கருக்கியவர்கள் எல்லாம் சறுக்கிய இடம் இது. அந்தச் சின்னப் பொட்டியிடம் கரண்ட் கேட்காதீர்கள். 5 வோல்ட், 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று தனியாக வேண்டும். எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டு 230 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாக இறக்கித் தரும் பெட்டி. எல்இடி போர்டு செய்கிற கடைகளில் கிடைக்கும்.

சரி, 20 ஆம்பியர் இருக்கிறது, பட்டையின் தலைப்பில் கொடுத்துவிட்டால் போதுமா? நான் அப்படித்தான் கொடுத்தேன். எல்லாம் வெள்ளை என்று போட்டேன். முதல் நாலு வரி பால் போல. நடுவில் மஞ்சளடித்தது. கடைசி வரிகள் செங்கல் நிறம். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் தலைப்பில் 5 வோல்ட், கோடியில் 4 வோல்ட்டுக்கும் கீழே.

கடைமடை விவசாயிக்கு இது புதிதல்ல. வாய்க்கால் குறுகல், வழியெல்லாம் வயல், கடைசிக்கு வரும்போது தண்ணீர் வற்றிவிடுகிறது. பட்டையிலுள்ள செம்பு காகிதம் போல மெல்லியது. அதன் வழியே இவ்வளவு கரண்ட் ஓடினால் வழியிலேயே வோல்ட் இறங்கிவிடும். சிவப்பு எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். வோல்ட் குறையும்போது நீலமும் பச்சையும் முதலில் சோர்கின்றன, சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கிறது. கோடி சிவந்ததன் காரணம் அதுதான்.

இவ்வளவு நடந்தும் கடைசி விளக்குக்குச் செய்தி பிசகாமல் போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சில்லும் வந்த செய்தியை அப்படியே தள்ளாமல், குறிலையும் நெடிலையும் திருத்தமாக மறுபடி உச்சரித்து அனுப்புகிறது. அதனால் செய்தி வழியில் தேய்வதில்லை. கரண்ட் தேய்கிறது.

தீர்வு, பெரிய வாய்க்கால் வெட்டுவது. மேசையின் இரண்டு ஓரங்களிலும் வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒன்றரை எம்எம் செம்பு வயரை 5 வோல்ட்டுக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று என்று ஓட்டி, ஒவ்வொரு வரிக்கும் அதிலிருந்து கிளை எடுத்தேன். ஒரு வரி முழு வெள்ளையில் இழுப்பது ஓர் ஆம்பியர்தான். 16 வரியும் ஒரே வெள்ளையாகின.

5 வோல்ட் கையில் ஷாக் அடிக்காது என்பதால் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். 20 ஆம்பியர் ஓர் இடத்தில் ஷார்ட் ஆனால் வயர் பழுத்துவிடும், சுற்றியிருப்பதோ மரம். 5 வோல்ட் வழியில் ஒரு ஃபியூஸ் போடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் 230 வோல்ட் திருகுகள் திறந்தபடி இருக்கும், அவற்றை மூடி, எர்த் கொடுத்து, அந்த இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். சூடு வெளியேற மேசையின் அடிப்பலகையில் துளைகள் வேண்டும். குழந்தைகள் கை வைத்து விளையாடப் போகிற சாமான் இது.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியவை: கரண்டுக்குத் தனி எஸ்எம்பிஎஸ், தடித்த வயர், வரிக்கு வரி கிளை, ஒரு ஃபியூஸ்.

## தெருவிலிருந்து அளப்பதா, திண்ணையிலிருந்து அளப்பதா?

செட்டிநாட்டு வீடுகள் தெருமட்டத்திலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டியவை. நிலைக்கதவின் உயரத்தை நான் தெருவில் நின்று அளக்கிறேன், நீங்கள் திண்ணையில் நின்று அளக்கிறீர்கள் என்றால் இருவர் கணக்கும் ஒத்துப்போகாது. வோல்ட் என்பதும் உயரம்தான். எந்தத் தரையிலிருந்து என்பது முக்கியம். அந்தத் தரைதான் கிரவுண்ட்.

கம்ப்யூட்டர் பலகைக்கு லேப்டாப்பிலிருந்து கரண்ட், விளக்குகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கரண்ட் என்று கொடுத்து, டேட்டா வயரை மட்டும் இணைத்தேன். மேசை பித்துப் பிடித்தது போலக் கண்டபடி மின்னியது. இரண்டு கிரவுண்டையும் ஒரு சாண் வயரால் இணைத்ததும் அடங்கியது. பலகை சொல்லும் உயரத்தை விளக்கு அதே தரையிலிருந்து அளந்தால்தான் குறில் குறிலாகக் கேட்கும்.

இன்னொன்று, ராஸ்பெர்ரி பை, ஈஎஸ்பி 32 போன்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகைகள் 3.3 வோல்ட்டில் பேசுகின்றன. 5 வோல்ட்டில் ஓடும் விளக்கோ 3.5 வோல்ட்டுக்கு மேல் ஏறினால்தான் கணக்கில் எடுப்பதாக அதன் விவரத்தாளில் இருக்கிறது. மயிரிழைக் குறைச்சல். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. லெவல் ஷிஃப்டர் என்ற சின்ன சில்லு ஒன்றை நடுவில் போட்டால் 3.3-ஐ 5 ஆக உயர்த்திக் கொடுத்துவிடும்.

## எந்தச் சின்னக் கம்ப்யூட்டர்?

2012-இல் வந்த ராஸ்பெர்ரி பை முழுமையான கம்ப்யூட்டர். ஆர்டுயினோ, ஈஎஸ்பி 32 போன்றவை மைக்ரோகன்ட்ரோலர் பலகைகள். ஒரே ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கான சில்லு அவற்றில் இருக்கிறது.

கல்யாண வீட்டில் பெரிய ஆச்சியைப் பாருங்கள். சம்பந்திகளை விசாரிப்பார், சாமான் எண்ணுவார், நடுவே போனும் பேசுவார். ராஸ்பெர்ரி பை அப்படி. வெள்ளைப் பணியாரம் சுடுகிறவர் எண்ணெய்ச் சட்டியை விட்டு ஒரு நிமிஷம் நகர முடியாது. நகர்ந்தால் பணியாரம் சிவந்துவிடும். மைக்ரோகன்ட்ரோலர் அப்படி. மைக்ரோசெகண்டுக்குக் குறில் நெடில் உச்சரிக்க, சட்டியை விட்டு நகராத ஆள்தான் தோது. ராஸ்பெர்ரி பையிலும் அதற்கென உள்ளே தனி வசதி இருக்கிறது, முடியாததல்ல. முதல் மேசைக்கு என் யோசனை ஈஎஸ்பி 32. போனிலிருந்து வைஃபையில் கோலத்தை மாற்றலாம், விலையும் கையைக் கடிக்காது.

## ஆத்தங்குடி அச்சும் பால் அக்ரிலிக்கும்

கடைசியாக, அழகு. விளக்குகளை அப்படியே விட்டால் 256 ஊசிக்குத்துகள்தான் தெரியும். சதுரமாகத் தெரிய இரண்டு காரியம் வேண்டும்.

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தட்டின்மேல் தகட்டாலான அச்சை வைத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு நிறச் சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். சிவப்பு மஞ்சளோடு கலக்காமல் தடுப்பது அந்தத் தகட்டுச் சுவர். ஊற்றி முடித்ததும் அச்சை மேலே எடுத்துவிடுவார்கள். மேசைக்குள்ளும் அதே மாதிரி அறைகள் வேண்டும், ஆனால் எடுக்கக் கூடாது. வெளிச்சம் உறையாது, சுவர் இருக்கிற வரைதான் அடங்கியிருக்கும். ஃப்ளெக்ஸ் கடையில் கிடைக்கும் வெள்ளை ஃபோம் ஷீட்டைப் பட்டையாக அறுத்து, பாதி உயரத்துக்கு வெட்டு கொடுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தால் இனிப்புப் பெட்டித் தடுப்பு மாதிரி நிற்கும். எல்இடி பட்டை நுழைந்து போகிற இடத்தில் அடியில் ஒரு சிறு வாய் வெட்ட மறக்காதீர்கள். நான் மறந்தேன். 16 துண்டையும் மறுபடி அறுத்தேன்.

மேலே 3 மில்லிமீட்டர் பால் அக்ரிலிக். அது வெளிச்சத்தைச் சிதறடித்துக் கட்டம் முழுதும் பரப்பும். விளக்குக்கும் தகடுக்கும் இடையே, கட்டத்தின் அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு ஆழம் விடுங்கள். ஆழம் குறைந்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியும்.

மேசை முடிந்த அன்று அப்பத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, 15 புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கையால் அக்ரிலிக்கைத் தடவினார். பிறகு, "ஏய்யா, கோலம் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குதே" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். நடுப்புள்ளி உள்ள கோலத்துக்கு ஒற்றைப்படை வேண்டும். 16 கட்டத்துக்கு நடுக்கட்டமே கிடையாது. வலப்பக்கம் ஒரு வரியும் கீழே ஒரு வரியும் சும்மா கிடந்தன. கம்ப்யூட்டருக்குத் தோதான எண் என்று 16-ஐப் பிடித்தவன் நான். கோலத்துக்குத் தோதான எண் எது என்று யோசிக்கவில்லை.

அடுத்த மேசை 15-க்கு 15. விளக்கு 225, பட்டை ஏழரை மீட்டர், முழு வெள்ளையில் பதின்மூன்றரை ஆம்பியர். அதே எஸ்எம்பிஎஸ் தாங்கும். ஆசாரியிடம் உள்ளளவு 50 சென்டிமீட்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.